பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் எட்டு வாரங்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் மேடைக்கு வந்தால் சீனி வருத்தத்தைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயற்குழு எங்களிடம் கேட்டது வேறு. பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்படி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். ஆகவே நாங்கள் ஒரு விளம்பர நிறுவனத்தில் எட்டு வாரம் பயிற்சிக்குப் போன கதையைச் சொல்லலாம் என்று முடிவுசெய்தோம்.

'நாங்கள்' என்பது இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பில் இருந்து உயர்தரம் எழுதிய மூவர். ஒருவர் வந்தாறுமூலையில் முகாமைத்துவம் படித்தவர். ஒருவர் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம் படித்தவர். மூன்றாமவர் வைத்தியம் படித்தவர். இப்போது உங்கள் முன் நிற்பவர் அவர்தான். இந்த உரையை மூவரும் சேர்ந்துதான் எழுதினோம்.

பட்டம் கிடைப்பதற்கும் வேலை கிடைப்பதற்கும் இடையில் நம் நாட்டில் ஒரு நீண்ட காலம் கிடக்கிறது. வைத்தியபீடத்தில் இறுதிப் பரீட்சை சித்தியடைந்தவர்கள்கூட, சுகாதார அமைச்சின் உள்ளகப் பயிற்சி நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க நேரிடுகிறது. அதன் பிறகுதான் ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு என்று ஒரு வருடப் பயிற்சி. கலை, முகாமைத்துவப் பட்டதாரிகளின் நிலை இதிலும் கடினம். 2017இல் நம் நகரத்துக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். அவர்களுக்குள் நம் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2020இல் அரசாங்கம் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. அப்படியான அழைப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பிள்ளை வீட்டில் இருக்கிறாள். சாதிசனம் வரும்போதெல்லாம் "இன்னும் ஒண்டும் சரிவரல்லயா?" என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் ஒரு சிறு பகுதியை, ஒரு வேலைத்தளத்தில் பயிலுநராகக் கழித்தால் என்ன கிடைக்கும்? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? இந்த இரண்டைப் பற்றியும்தான் பேச வந்தோம்.

நாங்கள் போனது 2007இன் பிற்பகுதியில். அந்த வருடத்தை இங்கே விளக்கத் தேவையில்லை. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த சனங்கள் கூடாரங்களில் இருந்த வருடம் அது. கொழும்பிலோ, ஜூன் 7ஆம் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்தச் செய்தியெல்லாம் பேப்பரில் வந்து சில மாதத்துக்குள், மூன்று பெண்பிள்ளைகள் கொழும்புக்குப் போய் விளம்பரம் எழுதப் போகிறோம் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? "என்னகா, இஞ்ச சனம் தறப்பாளுக்குக் கீழ கிடக்கு, நீங்க சவர்க்காரம் விக்கப் போறீங்களா?" என்று ஒரு மாமி கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இருக்கவில்லை.

இடம் கிடைத்தது முகாமைத்துவம் படித்தவரின் விரிவுரையாளர் ஒருவர் மூலம். தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று அந்த நிறுவனம் கேட்டிருந்தது. நாங்கள் மூவரும் விண்ணப்பித்தோம். மூவரையும் எடுத்துக்கொண்டார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை, சம்பளம் இல்லாத வேலை அது. பயணச் செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் தந்தார்கள். வெள்ளவத்தையில் இந்தப் பாடசாலையின் பழைய மாணவியான ஓர் அக்கா தன் வீட்டு மேல்மாடி அறையைத் தந்து, எங்களைப் பொலிஸில் பதிவுசெய்து, இரவு எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று சட்டமும் போட்டார். அந்த அறை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறோம்.

முதல் வாரம் எங்களுக்கு ஒரு தாள் தந்தார்கள். விளம்பரத் தொழிலில் அதை 'பிரீஃப்' என்பார்கள். எந்த விளம்பரத்தையும் எழுதத் தொடங்குமுன் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். யாருக்குச் சொல்கிறோம்? அவர் இப்போது என்ன செய்கிறார்? என்ன செய்ய வேண்டும் என்கிறோம்? அதைச் செய்ய அவருக்கு எது தடையாக இருக்கிறது? அவர் எந்த நேரத்தில், எங்கே இருந்து இதைப் பார்ப்பார் அல்லது கேட்பார்? இவ்வளவுதான். ஆனால் "பொதுமக்கள்" என்று எழுதினால் மேற்பார்வையாளர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். "பொதுமக்கள் என்று ஒருவரும் கிடையாது, எந்த வீட்டில், எந்த அடுப்படியில் இருக்கும் எந்தப் பெண் என்று எழுதுங்கள்" என்பார்.

ஐந்து வருடம் வைத்தியம் படித்தபோது நோயின் பெயர், காரணம், மருந்து, அளவு எல்லாம் படித்தோம். ஆனால் சொல்லும் சொல் யாருடைய காதில் விழுகிறது என்று இப்படி வரிவரியாகக் கேட்கப்பட்டது அந்த அலுவலகத்தில்தான். உடனே எங்களுக்கு நினைவுக்கு வந்தது இங்கே முகாம்களில் பங்கிட்ட ஒரு துண்டுப்பிரசுரம். "கொதித்தாறிய நீரையே பருகுங்கள்" என்று நல்ல தமிழில் இருந்தது. ஆனால் விறகுக்கு வழியில்லாத கூடாரத்தில் தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது? அந்தத் தாய்க்கு அறிவு குறைவில்லை, விறகுதான் குறைவு. தடை எது என்ற நாலாவது கேள்வியை யாராவது கேட்டிருந்தால், அந்தக் காகிதத்தில் குளோரின் குளிசையை எந்த அளவு தண்ணீருக்கு எத்தனை போடுவது, எவ்வளவு நேரம் பொறுத்துக் குடிப்பது என்றுதான் எழுதியிருப்பார்கள். மாமியின் கேள்விக்கான விடையின் முதற்பாதி எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

அடுத்து வந்த வேலை ஒரு டெங்கு போஸ்டர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படம், எழுத்து, அமைப்பு எல்லாம் முடிந்த பிறகு, அதைத் தமிழாக்குங்கள் என்று எங்களிடம் தந்தார்கள். ஏற்கெனவே ஒருவர் செய்திருந்த தமிழில் "கொசு" என்று இருந்தது. இங்கே நுளம்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொசு என்பது சினிமாவில் வரும் சொல். அதோடு தமிழ் வரி நீளமாக வரும். சிங்களத்துக்கு வெட்டிய பெட்டிக்குள் அதை அடக்க எழுத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள். கண்ணாடி போட்டவரும் கிட்டப்போய்த்தான் வாசிக்க வேண்டும். சித்திரம் படித்தவர் இரண்டு நாள் இருந்து, தமிழ் வரியிலிருந்து தொடங்கிப் படத்தை மாற்றி அமைத்தார். மூன்று மொழிக்கும் அந்த அமைப்பே நன்றாகப் பொருந்தியதால் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

படத்திலும் ஒரு விஷயம் இருந்தது. பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, டயர் என்று வரைந்திருந்தார்கள். எல்லாம் கொழும்பு வீடு. நம் வாவிக்கரையில் பின்வளவில் பாவிக்காத கிணறு இருக்கும், கரையில் கவிழ்க்காமல் விட்ட பழைய தோணி இருக்கும். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும். கிணற்றையும் தோணியையும் சேர்த்து வேறொரு படம் வரைந்து கொடுத்தோம். கிழக்குக்கு என்று தனியாக அச்சிடப் பணம் இல்லை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். பின்னர், யாழ்ப்பாணக் கரையோரத்தில் செய்து 2011இல் வெளியான ஆய்வொன்று, டெங்கு பரப்பும் நுளம்புக் குடம்பிகள் கைவிட்ட தோணிகளிலும் பாவிக்காத கிணறுகளிலும் நின்ற உவர்நீரில்கூட வளர்கின்றன என்று காட்டியது. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். ஒரு போஸ்டர் ஒரு தொற்றுநோயை நிறுத்திவிடாது. என்றாலும் தன் வளவை அந்தப் படத்தில் காணாத பெண், இது என்னைப் பற்றியது என்று எப்படி நினைப்பாள்?

அங்கே நீண்டகாலம் வேலைசெய்த ஒரு பெரியவர் மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் பழைய கதைகள் சொல்வார். அதில் ஒன்று இன்றைக்கும் நாங்கள் தாதியர்களுக்குச் சொல்வது. அதிபர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இது ஆணுறையைப் பற்றிய கதை. இந்தியாவில் 1968இல் அரசாங்கம் குறைந்த விலையில் ஆணுறை விற்கத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'நிரோத்'. தடுப்பு என்று பொருள். இலங்கையில் 1973இல் குடும்பத் திட்டச் சங்கம் அதே வேலையைத் தொடங்கியபோது வைத்த பெயர் 'பிரீதி'. மகிழ்ச்சி என்று பொருள், சிங்களத்திலும் தமிழிலும் விளங்கும் சொல். பொருள் ஒன்றுதான். ஒரு பெயர் அரசாங்கம் உனக்கு எதைத் தடுக்க விரும்புகிறது என்று சொல்கிறது. மற்றது நீ எதை விரும்புகிறாய் என்று கேட்கிறது. சந்தைப்படுத்தல் என்ற கலையின் முக்கால் பங்கு இதற்குள் இருக்கிறது. நல்ல விஷயத்தைச் சொல்பவர்கள் இதைக் கற்காமல் விட்டால், கெட்டதை விற்பவர்கள் மட்டும்தான் கற்றுக்கொள்வார்கள்.

கெட்டதை விற்பது என்றதும் அதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொழில் முழுவதும் நன்மை என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. அதற்கு முந்திய வருடம்தான், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்திருந்தது. சொல்லுக்கும் படத்துக்கும் ஆட்களை மாற்றும் வலு இல்லையென்றால் ஓர் அரசாங்கம் அதைச் சட்டம் போட்டுத் தடுக்குமா?

ஐந்தாவது வாரம் எங்களிடம் ஒரு பால்மா விளம்பரம் வந்தது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான மா. குடித்தால் பிள்ளை கெட்டிக்காரனாக வரும் என்ற தொனியில் தமிழில் எழுத வேண்டும். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் உணவுகளை எப்படிச் சந்தைப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார சபை 1981இல் ஓர் ஒழுக்கக்கோவை கொண்டுவந்தது. இலங்கை 1983இலேயே தனக்கென ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. எங்களிடம் வந்த விளம்பரம் அதன் எழுத்தை மீறவில்லை, ஏனென்றால் அது பெரிய பிள்ளைக்கான மா. ஆனால் அந்த டின்னும் கைக்குழந்தைக்கான டின்னும் பார்வைக்கு அக்கா தங்கை போல இருக்கும். ஒன்றைக் காட்டினால் மற்றதும் தாயின் மனதில் பதியும்.

மூவரும் அறையில் இருந்து இரவு முழுவதும் பேசினோம். காலையில் மேற்பார்வையாளரிடம் போய், இதை எங்களால் எழுத முடியாது என்றோம். அவர் கோபிக்கவில்லை. "ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு அப்பியாசக் கொப்பி விளம்பரம் ஒன்றை மாற்றித் தந்தார். பால்மா விளம்பரத்தை வேறொருவர் எழுதினார்; அது வெளியும் வந்தது. எங்களால் அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் எட்டு வாரத்தில் நாங்கள் எழுதியதில் மிகவும் கவனமாக எழுதிய ஒரு பக்கம் அதுதான். வேலைத்தளத்தில் மரியாதையாக 'மாட்டோம்' என்று சொல்வது எப்படி என்று ஒரு பாடத்திட்டத்திலும் இல்லை. சம்பளம் இல்லாத, எட்டு வாரத்தில் முடிகிற ஓர் இடத்தில் அதைப் பழகிக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். பிறகு சம்பளமும் குடும்பமும் உள்ள காலத்தில் அப்படிச் சொல்ல நேர்ந்தபோது நாக்கு தடுமாறவில்லை.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவையின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். எத்தனையோ பெரிய நாடுகளால் எட்ட முடியாத அளவு அது. அதைச் செய்தவர்கள் யார்? வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள், நாம் மிட்வைஃப் அம்மா என்று கூப்பிடுகிறவர்கள். அவர்களிடம் ஒரு தொலைக்காட்சி விளம்பரமும் இல்லை. ஆனால் அந்தத் தாளின் ஐந்து கேள்விக்கும் அவர்களிடம் விடை இருக்கிறது. எந்த வீடு, எந்தப் பெண், மாமியார் என்ன சொல்கிறார், வயலுக்குப் போகும் நாளில் பிள்ளையை யார் பார்ப்பது என்று எல்லாம் தெரியும். படுவான்கரையில் கிளினிக் நடத்தும்போது நாங்கள் பேசுவதற்கு முன் அவர்களிடம்தான் கேட்கிறோம். "மாப்பொருளைக் குறையுங்கள்" என்று சீனி வருத்தக்காரருக்குச் சொல்வதை விட்டு, ஒரு கோப்பையைக் கையில் எடுத்து, இந்தளவு சோறு, இந்தளவு கறி என்று காட்டுகிறோம். 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறதல்லவா? வாசிக்கத் தெரியாத ஆச்சியிடமும் "சிவப்பைத் தொடாதீங்க" என்று சொல்லலாம். அதை யோசித்தவர் அந்தத் தாளை ஒழுங்காக நிரப்பியிருக்கிறார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

இனித் தங்கைமாருக்குச் சில நடைமுறை வார்த்தைகள்.

நீங்கள் போகும் இடம் விளம்பர நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் பாடத்துக்குச் சற்று வெளியே இருக்கட்டும். போகுமுன் கடிதம் கேளுங்கள்: எத்தனை வாரம், என்ன வேலை, யாருக்குக் கீழே, என்ன கொடுப்பனவு என்று அதில் இருக்க வேண்டும். குறைந்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் தராத இடத்துக்குப் போகாதீர்கள். எட்டு வாரம், கூடினால் பன்னிரண்டு. அதற்கு மேல் சம்பளமில்லாமல் வைத்திருந்தால் அது பயிற்சி ஆகாது, இலவச ஊழியம். ஒருவராகப் போகாமல் இருவராகப் போங்கள். யாராவது தகாத வார்த்தை பேசினால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லுங்கள். வந்த இடம் கைவிட்டுப் போகுமே என்று மறைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் என்ன செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். நேர்முகப் பரீட்சையில் கேட்கும்போது அந்தக் கொப்பிதான் பேசும். தமிழை நன்றாக எழுதுங்கள். கொழும்பில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஏராளம். நம் சனத்தின் பேச்சைத் தெரிந்து, அதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அங்கே எங்களுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இரண்டு மாதம் வெளியே போய் வந்தால் அரச வேலை தவறிப்போய்விடும் என்று பயப்படாதீர்கள். எங்கள் மூவருக்கும் அது தவறவில்லை. ஒருவர் இன்று வங்கியில், ஒருவர் சித்திர ஆசிரியை, ஒருவர் வைத்தியர். நியமனக் கடிதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். வந்தால் நீங்கள் தொலைபேசியில் சொல்லலாம்.

இறுதியாக நம் சங்கத்துக்கு. வெள்ளவத்தையில் ஓர் அக்கா தந்த அறையைப் பற்றிச் சொன்னோம். கொழும்பில் வீடுள்ள பிள்ளைக்கு இப்படியான பயிற்சி இலவசம். வாழைச்சேனையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ போகும் பிள்ளைக்கு அறை வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்ந்து தகப்பனின் இரண்டு மாத உழைப்பு. அதனால் கெட்டிக்காரி வீட்டில் இருக்கிறாள், வசதியுள்ளவள் அனுபவம் பெறுகிறாள். இந்த அநியாயத்தைத் தீர்க்கப் பெரிய நிதி தேவையில்லை. சங்கத்தில் இருக்கும் அக்காமாரில் கொழும்பிலும் கண்டியிலும் வீடுள்ளவர்கள், வருடத்தில் இரண்டு மாதம் ஓர் அறை தர முடியுமா என்று ஒரு பட்டியல் எடுப்போம். இங்கேயே வைத்தியசாலையில், வங்கியில், அச்சகத்தில், கைத்தறி நிலையத்தில், உள்ளூராட்சி அலுவலகத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளைத் தம்மோடு வைத்துப் பழக்குவதாகப் பெயர் தாருங்கள். 2020க்குப் பிறகு வீட்டிலிருந்து மடிக்கணினியில் செய்யும் வேலைகளும் வந்துவிட்டன. களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டே கொழும்பு நிறுவனத்துக்கு எழுதலாம், வரையலாம். அதற்கு ஒழுங்கான இணைய வசதியுடன் பாடசாலை நூலகத்தின் ஒரு மூலை மாலை வேளையில் திறந்திருந்தால் போதும்.

கல்லடியில் லேடி மன்னிங் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. நம் சங்கத்தின் வயதும் அதை ஒட்டியதுதான். அந்தப் பாலம் வருமுன் வாவியைக் கடக்கத் தோணி வைத்திருந்தவர்களைப் பார்த்துக் காத்துநின்றார்கள். நம் பிள்ளைகளும் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் காத்துநிற்கிறார்கள். ஒரு அறை, ஒரு கடிதம், எட்டு வாரம்: இவ்வளவையும் இந்தச் சங்கத்தால் கொடுக்க முடியும். விழா முடிந்து போகும்போது வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அறை தரக்கூடியவர்கள், பயிற்சி தரக்கூடியவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எங்கள் மூவரின் பெயரும் ஏற்கெனவே அதில் இருக்கிறது.